கள்ளிக்குள் ஓர் ஈரக்குழி: பாலைவனச் செடியில் பிழைக்கும் காட்டு ஈஸ்ட்டுகள்

சொனோரன் பாலைவனத்தில் சகுவாரோ என்றொரு கள்ளி வளர்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோ பகுதியிலும் இதைப் பார்க்கலாம். 12 மீட்டர் வரை உயரும். 150 ஆண்டுகள் வாழ்வது அதற்குச் சாதாரணம். ஒரு குளிர்கால இரவில் உறைபனி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் கொஞ்சம் சதை செத்துவிடுகிறது. உடனே வெளியில் எதுவும் தெரியாது. சில வாரங்கள் போனபின் அந்த இடத்தில் பச்சை மங்கிப் பழுப்பாகும். விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கும். அப்புறம் ஒருநாள் தோல் வெடித்து, கறுத்த நீர் தண்டு வழியே கோடாக இறங்கும்.

அந்த இடத்தைக் கத்தியால் கீறினால் முதலில் நாற்றம் முகத்தில் அறையும். அழுகல் வாடை, புளித்த வாடை, நடுவே நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை. உறுதியாக இருந்த சதை கூழாகியிருக்கும். அதில் வெள்ளைப் புழுக்கள் நெளியும், பொடி வண்டுகள் ஓடும். கூழில் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால், பாக்டீரியாக் கூட்டத்துக்கு நடுவே அவற்றைவிடப் பெரிய, முட்டை வடிவச் செல்கள் கிடக்கும். சிலவற்றின் ஓரத்தில் குட்டியாக ஒரு மொட்டு முளைத்திருக்கும். அவைதான் இந்தக் கட்டுரையின் நாயகர்கள்.

ஈஸ்ட் என்பது ஒற்றைச் செல்லாகவே வாழ்நாளைக் கழிக்கும் பூஞ்சை. ரொட்டியை உப்ப வைப்பது பெரும்பாலும் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஒரே ஒரு இனம். அதைத் தவிர ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈஸ்ட் இனங்கள் மரப்பட்டையிலும் மண்ணிலும் பூந்தேனிலும் பூச்சியின் குடலிலும் யாரும் வளர்க்காமல் தாமாக வாழ்கின்றன. இவற்றைக் காட்டு ஈஸ்ட்டுகள் என்கிறோம். அவற்றில் ஒரு கூட்டம் கள்ளியை மட்டுமே நம்பியிருக்கிறது.

பெயர் விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழில் பால் வடியும் திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாவற்றையும் கள்ளி என்றே சொல்கிறோம். தாவரவியலில் அவை வேறு குடும்பம். இங்கே நான் கள்ளி என்று சொல்வதெல்லாம் சப்பாத்திக்கள்ளியின் குடும்பத்தை. அமெரிக்கக் கண்டங்களைப் பூர்வீகமாகக் கொண்டது அது.

பாலைவன ஈஸ்ட் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் தோன்றியது, தண்ணீர் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறது என்பதுதான். பலருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அது தவறான கேள்வி. கள்ளியின் சதையில் பெரும்பங்கு தண்ணீர்தான். சுற்றிலும் எத்தனை மாதம் மழை பெய்யாவிட்டாலும் அழுகிய பகுதி சொதசொதவென்றே இருக்கும். பெரிய சகுவாரோ என்றால் அந்த ஈரம் மாதக்கணக்கில் நிற்கும். ஈஸ்ட்டின் கண்ணில் அது பாலைவனமே அல்ல, குட்டை.

அப்படியானால் என்னதான் கஷ்டம்? குட்டை கொதிக்கிற மாதிரி சுடுகிறது. தண்ணீரில் செடி கலந்து வைத்த நஞ்சு இருக்கிறது. தின்ன இனிப்பு கிடைப்பது அரிது. போதாததற்கு ஒருநாள் குட்டை வற்றிவிடும். அடுத்த குட்டை எங்கோ தொலைவில், இன்னொரு கள்ளியில் இருக்கும். இந்தச் செல்லுக்கோ காலும் கிடையாது, இறக்கையும் கிடையாது.

தகவமைப்பு என்றால் என்ன நடக்கிறது?

உயிரினம் சூழலுக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அந்த வாக்கியம் கொஞ்சம் ஏமாற்றும். ஏதோ ஒரு ஈஸ்ட் செல் வெயிலில் வாடி, யோசித்து, தன்னைத் திருத்திக்கொள்வது போல ஒலிக்கிறது. அப்படி ஒன்றும் நடப்பதில்லை.

நல்ல ஊட்டமுள்ள ஆய்வகக் கரைசலில் ரொட்டி ஈஸ்ட் சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். 24 மணி நேரத்தில் 16 இரட்டிப்பு. தடையில்லாமல் பெருகினால் ஒரு செல் 65,536 ஆகும். ஒவ்வொரு முறையும் மரபணுத் தொகுதி முழுதும் நகலாகிறது, நகலெடுப்பில் எங்காவது எப்போதாவது ஓர் எழுத்து பிசகுகிறது. பெரும்பாலான பிசகுகளால் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. சில கொன்றுவிடும். எங்கோ ஒன்று, அந்த இடத்துக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி அமைந்துவிடும். 42 டிகிரியில் மற்றவை திணறி நிற்கும்போது அந்த ஒன்று மட்டும் மொட்டு விட்டுக்கொண்டே போகும். சில நாட்களில் குட்டை முழுக்க அதன் பிள்ளைகள். தனிச் செல் எதுவும் மாறவில்லை; எது எஞ்சியது என்பதுதான் மாறியது. கள்ளி அழுகலில் பெருக்கம் ஆய்வகத்தைவிட மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் லட்சக்கணக்கான ஆண்டுகள் கையில் இருக்கும்போது வேகத்தைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

சூடு

கள்ளி ஏன் அவ்வளவு சுடுகிறது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து வைத்து நீராவியை விடும். நமக்கு வியர்ப்பது போல அது செடியைக் குளிர்விக்கும். கள்ளி அப்படிச் செய்தால் சேமித்த தண்ணீர் அத்தனையும் போய்விடும். அதனால் பகலில் துளைகளை அடைத்துவிட்டு இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமிக்கிறது. தண்ணீர் மிச்சம், ஆனால் உடம்பு தகிக்கும். கோடையில் தண்டின் வெப்பம் சுற்றியுள்ள காற்றையும் மிஞ்சும். சப்பாத்திக்கள்ளி வகைகளில் சில 60 டிகிரி செல்சியஸையும் சிறிது நேரம் தாங்கக்கூடியவை. செடி தாங்குகிறது, சரி. அதன் காயத்துக்குள் குடியிருப்பவர் கதி?

சூடு ஒரு செல்லை இரண்டு இடத்தில் தாக்குகிறது. முதலாவது புரதம். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்துக் கெட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். மடிந்து உருண்டிருந்த புரத இழைகள் அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதன் விளைவு அது. ஈஸ்ட்டுக்குள்ளும் அதே ஆபத்து. இதற்கென்றே வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்ற காவல்படை எல்லா ஈஸ்ட்டிடமும் உண்டு. அவிழ்ந்ததை மடித்துவிடுவது, சிக்கியதைப் பிரிப்பது அவற்றின் வேலை. கூடவே டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் செல் தனக்குள் நிரப்பிக்கொள்ளும். புரதமும் சவ்வும் நிலைகுலையாமல் இருக்க அது முட்டுக்கொடுக்கும்.

இரண்டாவது, செல்லின் உறை. உள்ளே கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு, வெளியே கெட்டியான சுவர். சூடு ஏற ஏற சவ்வு வெயிலில் வைத்த மெழுகு மாதிரி இளகி, உள்ளே இருப்பது வெளியே கசியத் தொடங்கும். என்னைக் கேட்டால், கள்ளி ஈஸ்ட்டுகளின் உண்மையான சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது. 2024இல் ‘பிளாஸ் பயாலஜி’ இதழில் ஓர் ஆய்வு வெளியானது. கள்ளியில் வாழும் பல கிளைகளில், செல் உறையைப் பாதிக்கும் மரபணுக்கள் மாறிய வேகம் மற்ற ஈஸ்ட்டுகளில் இருப்பதிலிருந்து வேறுபட்டிருப்பதை அது காட்டியது. வெப்பம் தாங்கும் திறனுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. இந்த ஆய்வுக்கு மீண்டும் வருவேன்.

ரொட்டி ஈஸ்ட்டுக்கு 30 டிகிரியை ஒட்டிய சூடுதான் சுகம்; 40ஐத் தாண்டினால் தள்ளாடும். காட்டு ஈஸ்ட்டுகளில் பலவற்றுக்கு 37கூட அதிகம். கள்ளி ஈஸ்ட்டுகளில் பல 40இலும் சாவகாசமாக வளர்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஃபாஃபோமைசிஸ் தெர்மோடாலரன்ஸ் என்றே பெயர். பின்பாதிக்கு ‘வெப்பம் தாங்கி’ என்று பொருள்.

பசியும் நஞ்சும்

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பேச முடியாது. கள்ளிக்குள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன.

பழத்தில் வாழும் ஈஸ்ட்டுக்கு வாழ்க்கை சுலபம். குளுக்கோஸும் சுக்ரோஸும் கரைந்து கிடக்கும், உறிஞ்சிக்கொள்ள வேண்டியதுதான். கள்ளித்தண்டில் அப்படித் தனியாகக் கிடக்கும் சர்க்கரை குறைவு. பெரும்பகுதி செல்சுவரிலும் வழவழப்பான கோந்திலும் வேறு மூலக்கூறுகளிலும் பூட்டப்பட்டிருக்கிறது. பூட்டை முதலில் உடைப்பது பெரும்பாலும் பாக்டீரியாக்கள். செல்களை ஒட்டவைக்கும் பெக்டினைக் கரைத்து, உறுதியான சதையைக் கூழாக்குவது அவைதான். அவை தின்று கழித்ததில் பலவகை ஆல்கஹால்கள், அசிட்டோன், கரிம அமிலங்கள் எல்லாம் மிஞ்சும். நான் முதலில் சொன்ன நாற்றம் இவற்றின் வேலை.

அந்தக் கழிவுதான் நம் ஈஸ்ட்டின் சாப்பாடு. பிச்சியா கேக்டோஃபிலா என்று ஓர் இனம். 1978இல் முறைப்படி விவரிக்கப்பட்டது. பெயருக்குப் பொருள் ‘கள்ளியை விரும்புவது’. உலகில் எங்கெல்லாம் கள்ளி அழுகுகிறதோ அங்கெல்லாம் இதை எதிர்பார்க்கலாம். இதன் உணவுப் பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வரும், அவ்வளவு சின்னது. குளுக்கோஸைத் தின்னும். சுக்ரோஸ் ஆகாது, மால்ட்டோஸ் ஆகாது. எத்தனால், கிளிசரால், லாக்டிக் அமிலம் போன்றவை ஆகும். மற்றவர்களின் எச்சிலில் வாழப் பழகிய வயிறு அது.

பயன்படாத திறமையைச் சுமந்து திரிவதால் லாபம் இல்லை என்பதால், தகவமைப்பு சில நேரம் இழப்பாகவும் அமைகிறது. 1978இலேயே விவரிக்கப்பட்ட பிச்சியா அமெத்தியோனினா இதற்குச் சரியான சாட்சி. பெரும்பாலான ஈஸ்ட்டுகள் கந்தக உப்பிலிருந்து மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே தயாரித்துக்கொள்ளும். இதனால் அது முடியாது, யாராவது தயாரித்ததை வாங்கித்தான் ஆக வேண்டும். பெயரிலேயே அந்தக் குறை ஒட்டிக்கொண்டிருக்கிறது: ‘அ’ என்ற முன்னொட்டு கிரேக்கத்தில் இன்மையைக் குறிக்கும். அழுகலில் செத்த செல்களும் பாக்டீரியாக்களும் மெத்தியோனினை இறைத்துவைத்திருக்கும்போது, செய்யத் தெரியாதது ஒரு குறையாகவே இல்லாமல் போய்விடுகிறது.

இனி நஞ்சுக்கு வருவோம். வெட்டவெளியில் நீர் நிரம்பி நிற்கும் செடி எல்லா மிருகத்துக்கும் ஆசைதான். அதனால் கள்ளி முள்ளோடு நிறுத்திக்கொள்ளாமல் வேதியியலையும் கையில் எடுத்திருக்கிறது. சகுவாரோவில் ஆல்கலாய்டுகள் என்ற கசப்பு நஞ்சுகள் இருக்கின்றன. ஆர்கன் பைப் என்ற, அடியிலிருந்தே குழாய்க்கற்றை போலக் கிளைக்கும் கள்ளியில் ஆல்கலாய்டுக்குப் பதில் டிரைடெர்ப்பீன் கிளைகோசைடுகளும் நடுத்தர நீளமுள்ள கொழுப்பமிலங்களும் உள்ளன. சப்பாத்திக்கள்ளி வேதியியலில் இவ்வளவு முரட்டுத்தனம் காட்டாது.

டிரைடெர்ப்பீன் கிளைகோசைடு என்பதைச் சோப்புத்தன்மை உள்ள மூலக்கூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் தண்ணீரோடு சேரும், மறுபக்கம் கொழுப்போடு சேரும். செல் சவ்வில் உள்ள ஸ்டீரால் என்ற கொழுப்பில் ஒட்டிக்கொண்டு சவ்வை ஓட்டையாக்கக்கூடியவை இவ்வகை மூலக்கூறுகள். பிச்சியா அமெத்தியோனினாவில் முன்பு இரண்டு வகைகளைப் பிரித்திருந்தார்கள். ஒன்று டிரைடெர்ப்பீன் உள்ள ஆர்கன் பைப் குழுவிலும், மற்றொன்று அது இல்லாத சகுவாரோ குழுவிலும் கிடைத்தது. ஆய்வகத் தட்டில் டிரைடெர்ப்பீனைக் கலந்து வளர்த்துப் பார்த்தால் இரண்டாவது வகை வளரத் தடுமாறியது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கள்ளிகள். ஒன்றின் குட்டையில் வாழ்வது மற்றொன்றில் வாழ முடியவில்லை. இப்படிப் பிரிந்து வாழும் உடன்பிறப்புகள் நாளடைவில் தனி இனங்களாகிவிடும். இந்த இரண்டாவது வகையும் பின்னாளில் தனி இனமாகத்தான் ஏற்கப்பட்டது.

இன்னும் சுவாரசியமானது, நஞ்சையே சாப்பாடாக்கிக்கொண்டவர்களின் கதை. கைச் சுத்திகரிப்பானில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் என்று எழுதியிருக்குமே, அந்தத் திரவம் கள்ளி அழுகலில் தானாகவே உருவாகிறது. வேதியியலில் அதன் பெயர் 2-ப்ரொப்பனால். கிருமியைக் கொல்ல நாம் கையில் தடவுவது! கேண்டிடா சொனோரென்சிஸ், ஸ்போரோபாக்கிடெர்மியா செரியானா என்ற இரண்டு கள்ளி ஈஸ்ட்டுகள் இதைக் கார்பன் உணவாகவே எடுத்துக்கொள்ளும். (சுத்திகரிப்பானில் அடர்த்தி மிக அதிகம், அழுகலில் கொஞ்சம்தான், அந்த வித்தியாசத்தை மறந்துவிட வேண்டாம்.) இந்தத் திரவம் பல பழ ஈக்களுக்கும் ஆகாது. ஈஸ்ட் தின்னத் தின்ன அந்தக் குட்டையில் அதன் அளவு குறையும். அங்கே முட்டையிட்ட ஈக்கு இது நல்ல செய்தி. ஈக்கு நல்லது நடப்பதில் ஈஸ்ட்டுக்கும் அக்கறை உண்டு. ஏன் என்று பார்ப்போம்.

ஈ என்னும் வண்டி

காற்றில் பறந்துபோய் அடுத்த கள்ளியின் சரியான காயத்தில் போய் விழுவது நடக்காத காரியம். கள்ளியின் தோல் தடிமனானது, மெழுகு பூசியது. ஆரோக்கியமான கள்ளி தன் காயத்தைத் தக்கை போன்ற படலத்தால் மூடிவிடும். மூடாத காயம் எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்துப் போக ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் டிரோசோஃபிலா என்ற பழ ஈயின் பாலைவன உறவுகள். டிரோசோஃபிலா மொஜாவென்சிஸ், டிரோசோஃபிலா நைக்ரோஸ்பிராகுலா போன்றவை பழத்தை விட்டுவிட்டு, கள்ளி அழுகலிலேயே முட்டையிட்டு வளர்கின்றன. அரிசோனா பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஹீட் இந்த ஈக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார். ஈக்கள் எதைத் தின்கின்றன என்று தேடப்போய்த்தான் ஈஸ்ட்டுகள் பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தன. டேவிஸில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹெர்மன் ஃபாஃபும் அவருடன் பணியாற்றிய வில்லியம் ஸ்டார்மரும் கள்ளி கள்ளியாகப் போய் மாதிரி சேகரித்தார்கள். மூவர் பெயரும் இன்று ஈஸ்ட்டுகளில் ஏறியிருக்கிறது: பிச்சியா ஹீடியை, ஃபாஃபோமைசிஸ், ஸ்டார்மேரா. ஒரு ஈஸ்ட்டுக்குத் தன் பெயர் வைக்கப்படுவது எத்தனை பேருக்குப் பெருமையாகப் படுமோ தெரியாது, எனக்குப் படும்.

அவர்கள் வேலை செய்த விதம் எளிமையானது. அழுகலில் கொஞ்சம் எடுத்து, அமிலம் சேர்த்த ஊடகத் தட்டில் இழுத்துவிடுவார்கள். அந்தப் புளிப்பில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அடங்கிவிடும், ஈஸ்ட்டுகள் எழும். சில நாட்களில் தட்டில் வெண்மையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளியையும் தனியாக எடுத்து, இந்தச் சர்க்கரையைத் தின்கிறதா, அந்த ஆல்கஹாலைத் தின்கிறதா, 37 டிகிரியில் வளர்கிறதா என்று வரிசையாகக் கேட்பார்கள். மரபணு வரிசையைப் படிக்கும் வசதி வராத காலத்தில் ஈஸ்ட்டுக்கு அடையாள அட்டை இந்தப் பதில்கள்தான்.

ஈக்கும் ஈஸ்ட்டுக்கும் இடையே நடப்பது கொடுக்கல் வாங்கல். ஈயின் புழுவுக்குப் புரதமும் வைட்டமினும் ஈஸ்ட்டிலிருந்து கிடைக்கின்றன. மொஜாவென்சிஸ் புழுக்கள் அழுகலில் கண்டதையும் விழுங்காமல் குறிப்பிட்ட ஈஸ்ட்டுகள் அடர்ந்த திட்டுகளைத் தேடித் தின்கின்றன என்று 1981இலேயே காட்டப்பட்டது. பதிலுக்கு, வளர்ந்து இறக்கை முளைத்த ஈ கிளம்பும்போது காலிலும் குடலிலும் ஈஸ்ட்டை ஏற்றிக்கொண்டு போகிறது. வாடையைப் பிடித்து அது இறங்கும் இடம் பெரும்பாலும் இன்னொரு புதிய காயம்.

ஆனால் குடல் வழியே பயணம் என்பது சுகமான பயணம் அல்ல. செரிமானத்தில் சாதாரணச் செல்கள் பெரும்பாலும் கரைந்துவிடும். இங்கேதான் வித்து என்ற ஏற்பாடு. உணவு குறையும்போது பல ஈஸ்ட்டுகள் தடித்த சுவர் கொண்ட வித்துகளை உருவாக்கும். அந்தச் சுவர் ஈயின் குடலைக் கடந்தும் உயிரோடு இருக்க உதவுகிறது என்பதை 2008இல் ரொட்டி ஈஸ்ட்டை வைத்துப் பரிசோதித்துக் காட்டினார்கள். பிச்சியா கேக்டோஃபிலாவின் வித்துகளோ தொப்பி வடிவம்: விளிம்பு வைத்த உருண்டைத் தொப்பி. நுண்ணோக்கியில் ஒருமுறை அந்தப் படத்தைப் பார்த்தால் மறக்காது.

இந்தக் கூட்டணி கண்டம் விட்டுக் கண்டமும் போயிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இயற்கையாகக் கள்ளியே கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவந்த சப்பாத்திக்கள்ளி கட்டுமீறிப் பரவி, 1920களில் சுமார் 2.4 கோடி ஹெக்டேரை மூடிவிட்டது. அதைத் தின்று அழிக்க கேக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியை அர்ஜென்டினாவிலிருந்து வரவழைத்து 1926 முதல் பரப்பினார்கள். அதன் புழு கள்ளிக்குள் சுரங்கம் போட, சுரங்கமெல்லாம் அழுகியது. பிற்பாடு அங்கே போய் மாதிரி எடுத்தவர்களுக்குக் கிடைத்தவர்கள் பழைய முகங்களே: கேக்டோஃபிலா, சொனோரென்சிஸ், கூடவே டிரோசோஃபிலா புஸ்ஸாட்டி என்ற கள்ளி ஈயும். செடியோடும் பூச்சியோடும் குடும்பமே கப்பலேறி வந்திருக்கிறது.

குட்டைக்குள் சண்டையும் நடக்கிறது. சில ஈஸ்ட்டுகள் மற்ற ஈஸ்ட்டுகளைக் கொல்லும் புரத நஞ்சைச் சுரக்கும். கொலைகார ஈஸ்ட் என்றே இவற்றுக்குப் பெயர். 1963இல் ரொட்டி ஈஸ்ட்டில் முதலில் தெரியவந்தது, அப்புறம் கள்ளி அழுகலிலும் கண்டார்கள். ஒரே குட்டையில் பழகி வாழும் அண்டை வீட்டார் இந்த நஞ்சுக்கு ஓரளவு பழகியிருக்க, வெளியிலிருந்து வரும் புதியவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

17 முறை

இப்போது அந்த 2024 ஆய்வு. 1,049 ஈஸ்ட் இனங்களின் மரபணுத் தொகுதிகளையும் அவற்றின் பழக்கவழக்கங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கேள்வி எளியது: கள்ளியில் வாழும் ஈஸ்ட்டுகள் எல்லாம் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகளா, அல்லது தனித்தனியாக வந்து சேர்ந்தவர்களா?

கிடைத்த பதில், ஏறக்குறைய 17 முறை தனித்தனியாக வந்திருக்கின்றன என்பது. ஈஸ்ட்டுகளின் வம்ச மரத்தில் கள்ளி ஈஸ்ட்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தால், ஒரே கிளை சிவப்பாகத் தெரியாது. மரம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு தெறித்திருக்கும். இதில் வியப்பு குறைவு, யோசித்தால். இந்த ஈஸ்ட் வம்சத்தின் வயது சுமார் 40 கோடி ஆண்டு என்று மதிப்பிடுகிறார்கள். கள்ளிக் குடும்பத்துக்கோ 3.5 கோடி ஆண்டுதான். வீடு கட்டி முடிந்தபோது குடியேற நினைத்தவர்கள் ஏற்கெனவே பல திசைகளில் பிரிந்துபோயிருந்தார்கள். தனித்தனியாகத்தான் வந்து சேர முடியும்.

தொடர்பில்லாதவர்கள் ஒரே மாதிரி சூழலில் ஒரே மாதிரி திறமையை அடைவதைக் குவி பரிணாமம் என்பார்கள். பறவைக்கும் வௌவாலுக்கும் தனித்தனியாக இறக்கை வந்தது போல. ஆய்வாளர்கள் கணினியைப் பயிற்றுவித்து, மரபணுவையும் வளர்ச்சிப் பண்புகளையும் மட்டும் காட்டி, இது கள்ளி ஈஸ்ட்டா இல்லையா என்று கேட்டார்கள். 76 சதவீதம் சரியாகச் சொன்னது. அதற்கு அதிகம் கைகொடுத்த தடயம், வெப்பம் தாங்கும் திறன்.

மீதி 24 சதவீதத்தில்தான் எனக்கு ஆர்வம். எல்லோரும் ஒரே வழியில் வந்திருந்தால் கணினி இவ்வளவு தவறியிருக்காது. செல்சுவரை உடைக்கும் நொதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சில கிளைகளில் அதற்கான மரபணு வேறு உயிரியிடமிருந்து பக்கவாட்டில் வந்து சேர்ந்திருக்கிறது. அதாவது தாயிடமிருந்து வாரிசாக வராமல், அந்நியரிடமிருந்து கைமாறியது. வேறு சில கிளைகளில் ஏற்கெனவே கையில் இருந்த மரபணுவே இரட்டித்துப் பெருகியிருக்கிறது. ஒருவர் கடன் வாங்கினார், இன்னொருவர் இருந்ததைப் பெருக்கினார். இருவருக்கும் அதே வேலை நடக்கிறது.

மருத்துவமனையில் வேறு பெயர்

கேண்டிடா இன்கான்ஸ்பிகுவா என்று மருத்துவர்கள் ஓர் ஈஸ்ட்டை அறிவார்கள். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்த நோயாளிகளில் எப்போதாவது தொற்றை ஏற்படுத்தும். பரவலாகப் பயன்படும் ஃபுளூகொனசோல் என்ற பூஞ்சை மருந்துக்கு எளிதில் மசியாது. மருத்துவமனை ஏடுகளில் அதற்கு அந்தப் பெயர். மரபணு வரிசையை ஒப்பிட்டபோது அது வேறு யாரும் இல்லை, நம் பிச்சியா கேக்டோஃபிலாவேதான் என்று தெரிந்தது. இன்னொரு கள்ளி உறவான பிச்சியா நார்வெஜென்சிஸும் நோயாளிகளில் கண்டறியப்பட்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் கள்ளியைக் கண்டு ஓட வேண்டியதில்லை. இந்தத் தொற்று அரிது, ஆரோக்கியமானவர்களுக்கு இது கவலையே அல்ல. ஆனால் காரணம் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான பூஞ்சைகள் நம்மை அண்டாமல் இருப்பதற்கு நம் உடலின் 37 டிகிரிச் சூடே பெரிய வேலி. 2009இல் 4,802 பூஞ்சை வகைகளின் தரவை வைத்துக் கணக்கிட்டதில், 30க்கும் 40க்கும் இடையே ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் கூடுதலாக 6 சதவீத வகைகள் வளர முடியாமல் விலகுகின்றன என்று தெரிந்தது. தகிக்கும் தண்டுக்குள் வாழப் பழகியதற்கு அந்த வேலி ஒரு பொருட்டில்லை. அது மனிதனை எண்ணி எதையும் செய்யவில்லை. 37 டிகிரி என்பது சகுவாரோவுக்குள் சாதாரணக் கோடைச் சூடு, அவ்வளவுதான்.